மிச்சிகனில் ஷெரிஃப் ஏலத்தில், அதாவது வீட்டுக் கடன் தவணை நின்றுபோனதால் விடும் ஏலத்தில், வீடு எடுத்திருக்கிறேன். மீட்புக் காலம் முடியும்வரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

முழுப் பணமும் கட்டிவிட்டு, சாவி கையில் இல்லாமல், அந்தத் தெருப் பக்கம் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்க்கிறீர்கள், சரிதானே? எல்லாரும் செய்வதுதான்.

அந்த வீட்டுக்கு ரிப்பேர் என்று இப்போது ஒரு சென்ட்கூடச் செலவழிக்காதீர்கள். மீட்புக் காலத்துக்குள் பழைய உரிமையாளர் ஏலத் தொகையை வட்டியோடு கட்டி வீட்டை மீட்டுக்கொண்டால் அது திரும்ப வராது. அந்த மீட்புக் காலம் மிச்சிகனில் குடியிருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் 6 மாதம். அசல் கடனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஏற்கெனவே அடைத்திருந்தால் 12 மாதம். அதுவரை அவர் உங்களுக்கு வாடகை தராமல் அங்கேயே இருக்கலாம். முறையாக நோட்டீஸ் கொடுத்து வீட்டைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு, காரணமில்லாமல் மறுத்தாலோ வீட்டைச் சேதப்படுத்தினாலோ வீட்டைக் கேட்டு முன்னதாகவே கோர்ட்டுக்குப் போகலாம். நான் போகவில்லை, தேவைப்படவில்லை.

நான் எடுத்த வீட்டுக்குக் கோடைகாலச் சொத்து வரி பாக்கி இருந்தது. அதைக் கட்டி, ரசீதோடு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதி, ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்ற பத்திரப் பதிவு அலுவலகத்தில் உடனே பதிவு செய்தேன். "உன் வீடே ஆகலை, அதுக்குள்ள வரி கட்டுறியா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் காலம் முடிகிற நேரத்தில் பழைய உரிமையாளர் தானே வேறொருவருக்கு விற்று, மீட்டுவிட்டார். ஏலத் தொகை, அடமானப் பத்திரத்தில் இருந்த அதே விகிதத்தில் வட்டி, நான் கட்டிய வரி எல்லாம் வந்து சேர்ந்தது. அஃபிடவிட் பதியாமல் விட்டிருந்தால் அந்த வரியை மீட்புத் தொகையில் சேர்த்திருக்க மாட்டார்கள். வக்கீலைக் கேளுங்கள், நான் வக்கீல் இல்லை.

"அடுத்தவன் குடியைக் கெடுத்த பணம்" என்று இங்கேயும் யாராவது கிளம்புவார்கள். தவணை நின்றதும் ஏலம் விட்டது கடன் கொடுத்தவர்கள், நான் இல்லை. அந்த மனிதரை ஒருநாளும் மிரட்டவில்லை, சீக்கிரம் காலி பண்ணு என்று ஆள் அனுப்பவும் இல்லை. வீடு போச்சே என்று எனக்காக உச்சுக்கொட்டியவர்களுக்கும் இதையேதான் சொன்னேன்: எனக்கு நஷ்டம் இல்லை, அவருக்கும் வீட்டை நல்ல விலைக்கு விற்க நேரம் கிடைத்தது.

முன்பின் தெரியாத, வீட்டையே இழக்க இருந்த மனிதர் வட்டியோடு எண்ணி வைத்துவிட்டார். கார் வாங்க என்னிடம் கைமாற்று வாங்கிய என் மச்சினர் இன்னும் அசலைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை, அந்தக் காரில்தான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.