திரையில் சேர்ந்த பட்டை மேசையில் இறுகுவது ஏன்?

கேள்வி: பல்சக்கரமும் அச்சும் கொண்ட லெகோ டெக்னிக் துண்டுகளால் ஒரு பீரங்கி வண்டி செய்ய எண்ணி, அதை முதலில் பிரிக்லிங்க் ஸ்டுடியோ மென்பொருளில் வடிவமைத்து வருகிறேன். வண்டியின் உடலும் மேலே சுழலும் பீரங்கிக் கூடும் நன்றாக வந்துவிட்டன. சக்கரங்களைச் சுற்றிச் செல்லும் சங்கிலிப் பட்டைதான் வசப்படவில்லை. கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே போனால், கடைசிக் கண்ணி முதல் கண்ணியோடு சேர மறுக்கிறது. சக்கரங்களைச் சற்று நகர்த்தி எப்படியாவது சேர்த்துவிட்டு, துண்டுப் பட்டியலில் வரும் எண்ணிக்கையை அப்படியே வாங்கிவிடலாமா?

பதில்: அவ்வாறு வாங்க வேண்டாம். திரையில் இடைவெளியின்றிச் சேரும் பட்டையைவிட, திரையில் சேர மறுக்கும் பட்டையே பல வேளைகளில் மேசையில் நன்றாக ஓடும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பணம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நீங்கள் பயன்படுத்துவது 2007-இல் வெளிவந்த 8275 எண்ணுள்ள மோட்டார் புல்டோசரோடு அறிமுகமான அகலப் பட்டைக் கண்ணி என்று எடுத்துக்கொள்கிறேன். அது 5 × 1.5 குமிழ் என்ற அளவால் குறிக்கப்படுவது. லெகோ துண்டின் மேலுள்ள ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மி.மீ. என்பதால், ஒரு கண்ணி பட்டையின் நீளத்தில் 12 மி.மீ. சேர்க்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். கண்ணிக்குரிய பெரிய பல்சக்கரத்துக்கு 10 பற்கள். ஆகவே சக்கரத்தின் மேல் ஏறும் ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியிலிருந்து 36 பாகை திரும்புகிறது. ஐந்து கண்ணிகள் திரும்பினால் 180 பாகை, அதாவது அரைச் சுற்று. முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள இரண்டு பல்சக்கரங்கள் இருந்தால், வளைவுகள் இரண்டுக்குமாகச் சேர்ந்து எப்போதும் 10 கண்ணிகளே செலவாகும். மீதி முழுவதும் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது: அந்தத் தூரத்தை இரட்டித்து, கண்ணியின் நீளத்தால் வகுத்து, 10-ஐக் கூட்டினால் தேவையான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

இப்போது இரண்டு வண்டிகளை ஒப்பிடுவோம். முதல் வண்டியில் அச்சுகளுக்கு இடையே 18 குமிழ், அதாவது 144 மி.மீ. கணக்குப்படி 24-உம் 10-உம் சேர்ந்து மிகச் சரியாக 34 கண்ணிகள். இது திரையில் அழகாகச் சேரும். ஆனால் இதில் துளியும் தளர்வு இல்லை. பல்சக்கரத்தின் மேல் கண்ணிகள் வட்டமாக அல்ல, பத்து முகங்கள் கொண்ட ஒரு பலகோணமாகவே அமர்கின்றன. சுழலும்போது முனையும் முகமும் மாறி மாறி வருவதால் பட்டைக்குத் தேவைப்படும் நீளம் மிகச் சிறிய அளவில் கூடிக் குறைகிறது. தளர்வே இல்லாத பட்டை ஒவ்வொரு பல்லிலும் இறுகுவதால் மோட்டாரின் ஆற்றல் உராய்வுக்கே போய்விடும். இரண்டாவது வண்டியில் தூரம் 20 குமிழ், அதாவது 160 மி.மீ. கணக்கு 36.67 என்று வருகிறது. 36 கண்ணிகள் எட்டாது. 37 கண்ணிகள் கோத்தால் 4 மி.மீ. அளவு தளர்வு மிஞ்சும். திரையில் இந்தப் பட்டை சேராது, நீங்கள் குறிப்பிடும் தொல்லையைத்தான் தரும். ஆனாலும் செய்து பார்க்கும்போது ஓடுகின்ற வண்டி இதுதான்.

என் முதல் புல்டோசரில் முன்னதன் வழியிலேயே நான் சென்றேன். படத்தில் இடைவெளி தெரியக் கூடாது என்பதற்காக அச்சை நகர்த்தி, பட்டியல் காட்டிய எண்ணிக்கையை மட்டும் வாங்கினேன். பட்டை பூட்டிக்கொண்டது, மோட்டார் திணறியது. ஒரு கண்ணி கூட்டலாம் என்றால் கையில் உபரி இல்லை. இரண்டே கண்ணிகளுக்காக மறுபடியும் கொடுத்த அஞ்சல் செலவு அவற்றின் விலையைப் போலப் பல மடங்கு. கூட்டிய பிறகு தொய்வு மிகுந்துவிட்டதால் சட்டகத்தையே மாற்ற நேர்ந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வரக் கூடாது என்றே இவ்வளவும் எழுதுகிறேன்.

சக்கரங்கள் மூன்றானாலும் கணக்கு மாறாது. கேட்டர்பில்லர் நிறுவனம் 1977-இல் டி10 புல்டோசரில் ஓட்டும் பல்சக்கரத்தை மேலே உயர்த்தி வைத்ததிலிருந்து முக்கோணப் பட்டை பலருக்கும் பழக்கமான ஒன்று. லெகோவின் 42131 எண்ணுள்ள டி11 புல்டோசரும் அந்த வடிவத்தையே காட்டுகிறது. பட்டை எங்கும் உட்பக்கமாக வளையாமல் ஒரே அளவுள்ள பல்சக்கரங்களைச் சுற்றிச் சென்றால், மொத்தத் திருப்பம் 360 பாகைதான். எனவே வளைவுகளுக்கு அதே 10 கண்ணிகள், அதனோடு அச்சு மையங்களை இணைக்கும் கோடுகளின் மொத்த நீளத்துக்குரிய கண்ணிகள். முன்சக்கரத்துக்கு 10 பற்களும் பின்சக்கரத்துக்கு 6 பற்களும் இருந்தால் 10-க்குப் பதிலாக இரண்டின் சராசரியான 8-ஐக் கூட்டுங்கள். இதில் வரும் பிழை, இந்த அளவுள்ள வண்டிகளில், ஒரு கண்ணியில் மிகச் சிறிய பங்கே.

இனி வரைவதைப் பற்றி. கையால் கோக்க வேண்டுமானால், ஸ்டுடியோவின் கீல் கருவியில் கோணத்தை எண்ணாகவே இட்டுத் திருப்புங்கள். சுட்டியால் இழுத்துத் திருப்பினால் ஒவ்வொரு கண்ணியிலும் நேரும் சிறு பிழை கடைசிக் கண்ணியில் மொத்தமாக வந்து நிற்கும். எல்லாக் கண்ணிகளும் ஒரே திசை பார்க்கின்றனவா என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் கண்ணியின் இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மிஞ்சும் இடைவெளியை உடலுக்குப் பின்னால் மறையும் இடத்தில் விட்டுவிடுங்கள். வாங்கும் எண்ணிக்கையைக் கணக்கிலிருந்து எடுங்கள், படத்திலிருந்து எடுக்காதீர்கள். 37 கண்ணிகள் தேவை என்றால் இரு பக்கத்துக்கும் 74; நான் 80 வாங்குவேன். அதோடு ஒரு பக்கத்து அச்சை அரைக் குமிழ் முன்பின் நகர்த்தும்படி சட்டகத்தில் இடம் விடுங்கள்.

கேள்வி: பட்டைகளைத் தானாகவே வளைத்துத் தரும் மென்பொருள் என்று ஒருவர் விலை சொல்கிறார். பழைய லெகோ டிஜிட்டல் டிசைனரையும் அதோடு தருவாராம். வாங்கலாமா?

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். லெகோ டிஜிட்டல் டிசைனர் என்றுமே இலவசமாகத் தரப்பட்டது. லெகோ நிறுவனம் ஸ்டுடியோவை வெளியிடும் பிரிக்லிங்கை 2019-இல் வாங்கி, பின்னர் 2022-இல் டிசைனரைக் கைவிட்டு, ஸ்டுடியோவையே பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஸ்டுடியோவும் இலவசம்தான். பட்டை வளைப்பதற்கு எல்டிகேட் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். பல்சக்கரங்களைச் சுற்றிப் பாதையைக் குறித்தால் கண்ணிகளைத் தானே அடுக்கித் தரும். இதற்கு முன்பே எல்சிந்த் என்ற சிறு கருவி இதே வேலையைச் செய்துவந்தது. இவை இரண்டும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கிய, லெகோ துண்டுகளைக் கணினியில் வரைவதற்கான எல்டிரா கோப்பு முறையைப் பின்பற்றுபவை. அவர் 1997-இல் இளம் வயதிலேயே காலமான பிறகும், ஆர்வலர்கள் அதற்குரிய துண்டு வடிவங்களின் நூலகத்தை இன்றுவரை ஊதியமின்றி வளர்த்து வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாகத் திறந்து வைத்ததை ஒருவர் விலைக்கு விற்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

எல்டிகேட்டில் உருவாக்கிய பட்டையை எல்டிரா கோப்பாகச் சேமித்து ஸ்டுடியோவில் திறக்கலாம். எல்டிராவில் ஓர் அலகு 0.4 மி.மீ. என்பதையும் ஒரு குமிழ் தூரம் 20 அலகு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் அளவுகள் குழம்பாது.

கேள்வி: பீரங்கி வண்டி ஒன்றின் கட்டுமான வழிகாட்டியை விலை கொடுத்து வாங்கினேன். துண்டுகளையும் தனியாக வாங்கிக் கோத்தபோது பட்டை தொங்குகிறது. சில கண்ணிகள் முனையில் உடைந்தும் விட்டன. எங்கே தவறினேன்?

பதில்: உங்களுடையது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். தொய்வுக்கு வழிகாட்டியை உருவாக்கியவர் பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கண்ணியைக் கழற்றிப் பாருங்கள். அப்போது இறுகிவிட்டால் வடிவமைப்பில் அச்சுத் தூரமே பிழை என்று பொருள். படமெடுத்து அவருக்கு அனுப்பித் திருத்திய கோப்பைக் கேளுங்கள், மறுத்தால் விற்ற தளத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். லெகோ நிறுவனம் இக்காலப் போர் வாகனங்களைச் செய்வதைத் தவிர்க்கிறது. 2020-இல் 42113 எண்ணுள்ள ஆஸ்ப்ரே என்ற இராணுவ விமானத்தின் தொகுப்பை வெளியீட்டுக்குச் சற்று முன்பு நிறுத்தியதும் அதனால்தான். எனவே லெகோ துண்டுகளில் பீரங்கி வண்டி வேண்டுவோர் தனி ஆர்வலர்களின் வழிகாட்டிகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றில் கணினி வரைந்த படம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். உண்மையான துண்டுகளால் செய்து, பட்டை பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும்படி எடுத்த ஒளிப்படம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

உடைந்ததற்குக் காரணம் துண்டின் பதிப்பாக இருக்கலாம். அகலக் கண்ணியின் பழைய வார்ப்பின் எண் 57518. பின்னர் வந்த வலுவூட்டிய வார்ப்பின் எண் 88323. பட்டியலில் பழைய எண் இருந்ததால் விற்பவர் பழையதையே அனுப்பியிருப்பார், அதில் அவர் மீது குற்றமில்லை. எடை மிகுந்த வண்டிக்கு 88323-ஐக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பயன்படுத்திய கண்ணிகளை வாங்கினால், இணைப்பு முனைகளில் வெண்ணிறக் கீறல் உள்ளதா என்று தெரியும்படி அருகிலிருந்து எடுத்த படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கீறல் உள்ளவை விரைவில் உடையும். வழவழப்பான தரையில் வண்டி வழுக்கினால் கண்ணியிலுள்ள துளைகளில் செருகும் ரப்பர் பிடிகள் தனியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கண்ணிக்கும் அவை தேவையில்லை, மூன்றுக்கு ஒன்று செருகிப் பார்த்த பிறகு தேவைக்கேற்ப வாங்கிக்கொள்ளலாம்.