பழைய காரும் மலை ரோடும்: பெற்றோல் கேள்விகள்

பழைய காரில் என்ன மாற்றினால் பெற்றோல் மிச்சமாகும் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஹட்டன் பக்கத்தில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேட்டரைக் கழற்றியே வயதானவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நுவரெலியா: அண்ணே, என் சன்னி கார் கொழும்பில் நன்றாக ஓடியது. இங்கே வந்ததும் பெற்றோலைக் குடிக்கிறது. ஜெட் மாற்றணுமா?

தம்பி, பாதிக் காரணம் ஏற்றம், மீதி காற்று. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைகிற அளவுக்கு காபரேட்டர் பெற்றோலைக் குறைக்காது, அதனால் கலவையில் பெற்றோல் கூடிவிடும். ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறமென்றால் சரி. சோற்றுச் சட்டியின் அடிபோல விரலில் கரி ஒட்டினால் பெற்றோல் வீணாகிறது.

ஜெட் என்பது காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளை. உடனே அதற்கு ஓடாதீர்கள். எயார் ஃபில்டரை மாற்றுங்கள். அப்புறம் எஞ்சின் சூடானதும் ஃபில்டர் மூடியைத் திறந்து, குளிரில் ஸ்டார்ட் பண்ணக் காற்றை மறைக்கும் சோக் தகடு முழுக்க நிமிர்ந்து நிற்கிறதா பாருங்கள். பாதி சாய்ந்தே கிடக்கும் வண்டிகள் நிறைய. இவ்வளவும் சரியாக இருந்தும் கரி பிடித்தால் ஒரு நம்பர் சின்ன ஜெட் போடலாம். மாதம் இரண்டு தடவை கொழும்புக்கு இறங்குகிறவர் என்றால் வேண்டாம், கீழே எஞ்சின் தட்டும், சூடேறும்.

கொட்டகலை: வண்டி சூடாகுது என்று கராஜ் பாஸ் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். பரவாயில்லையா?

எனக்குக் கோபம் வருகிற கேள்வி இதுதான். என் சொந்தக் காரிலும் ஒருவர் இதைச் செய்தார், சொல்லவும் இல்லை. இரண்டு வருடம் பெற்றோல் பம்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன். தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் கதவு, 82 பாகை அளவில்தான் திறக்கும். அது இல்லையென்றால் நம் பனியில் எஞ்சின் சூடாகவே நேரம் பிடிக்கும். பெற்றோல் சரியாக ஆவியாகாது, ஒயில் இளகாது, நீங்களும் சோக்கை இழுத்தபடியே போவீர்கள். சூடாவதற்கு ரேடியேட்டர் அடைப்புத்தான் காரணமாக இருக்கும். அதைச் சுத்தம் செய்து, புதுத் தேர்மோஸ்டாட் போடச் சொல்லுங்கள். செலவும் பெரிதாக வராது.

பண்டாரவளை: தண்ணீரில் இருந்து வாயு எடுக்கும் கிட் நல்லதா?

இல்லை அக்கா. அந்த வாயுவை உண்டாக்கும் மின்சாரத்தை எஞ்சின்தானே தருகிறது? கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். பெற்றோல் குழாயில் கட்டும் காந்தமும் இதே சாதி.

தலவாக்கலை: நாலு கியர் பெட்டியை ஐந்தாக்கினால்?

எங்கள் வளைவுகளில் ஐந்தாவதைப் போடுவது எப்போது?

இறம்பொடை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம்தானே?

வேண்டவே வேண்டாம். காபரேட்டர் இல்லாத இன்ஜெக்டர் வண்டியில் கியரிலேயே காலை எடுத்தால் பெற்றோல் அறவே நிற்கும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்க ஊற்றியாக வேண்டும். காபரேட்டர் வண்டியில் சொட்டு மிச்சமாகலாம். ஆனால் எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டும் தேய்ந்து சூடாகி, கடைசி வளைவில் மிதி இறங்கும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மஸ்கெலியா: செய்தது பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே பம்பில் நிரப்பி, போய்வந்து அங்கேயே மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். கினிகத்தேனை இறக்கத்தில் போன கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் பெருமை பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.