கட் ஷாட்டில் தொடுபுள்ளியைக் குறிவைக்காதீர்கள்

நண்பரே, அல்சூரில் தினமும் மாலை பூல் விளையாடிப் பழகியும் கட் ஷாட் (பந்தின் ஒரு பக்கத்தில் மோதி, அதைச் சாய்வாகப் பாக்கெட்டுக்கு அனுப்பும் அடி) விழவில்லை, தொடுபுள்ளியை, அதாவது இரு பந்துகளும் தொட வேண்டிய இடத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறேன் என்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். பந்தின் விட்டம் 57 மி.மீ.; வெள்ளைப் பந்தின் மையம் தொடுபுள்ளிக்கு ஒருபோதும் வந்து சேராது, அதில் பாதித் தூரம் முன்பே மோதிவிடும். அதனால் தேவைக்கு மேல் நிறைவாக, அதாவது பந்தின் நடுப்பக்கமாக அடிக்கிறீர்கள்.

பாக்கெட்டிலிருந்து, விழ வேண்டிய பந்தின் மையம் வழியாக ஒரு கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்தின் பின்புறம், அதே கோட்டில், இன்னொரு பந்தை ஒட்டி வையுங்கள். அதன் மையம்தான் உங்கள் குறி. இடத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு, ஒட்டி வைத்த பந்தை எடுத்துவிட்டு அடியுங்கள்.

முதல் வாரம் பாதிப்பந்து அடி மட்டும் போதும்: வெள்ளைப் பந்தின் மையத்தை மற்றதன் விளிம்புக்கு நேராக அனுப்பினால் அந்தப் பந்து ஏறக்குறைய 30 பாகை விலகிச் செல்லும். மெதுவாக அடிக்கும்போது உராய்வு அந்தப் பந்தை வெள்ளைப் பந்து போகும் பக்கமாகச் சற்று இழுக்கும். அதனால் கொஞ்சம் மெல்லியதாகவே, அதாவது விளிம்புப் பக்கமாகவே தொடுங்கள். குனிந்த பிறகு மட்டும் குறியை மாற்றாதீர்கள், எழுந்து நின்று மறுபடி பாருங்கள்.