இத்தாலியின் துறைமுக நகரமான திரியெஸ்தேவுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சுவாரசியமான விஷயங்கள் என்ன?

வெனிஸிலிருந்து கிழக்கே ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வலது பக்கச் சன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் ரயில் மலைச்சரிவை ஒட்டி ஓடும், கீழே ஏட்ரியாட்டிக் கடல் கூடவே வரும். திரியெஸ்தே நிலையத்தோடு தண்டவாளமும் முடிந்துவிடும்.

நான் போனது சுற்றுலாவுக்கு அல்ல. பாகிஸ்தானைச் சேர்ந்த இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் அங்கே இருக்கிறது. வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் கொஞ்ச நாள் வந்து தங்கி வேலை செய்துவிட்டுத் தங்கள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. அங்கே மூன்று வாரப் பயிலரங்கு ஒன்றுக்காகப் போயிருந்தேன். வகுப்பு முடிந்த மாலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் ஊரைச் சுற்றக் கிடைத்தன. அதில் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதல் விஷயம், ஊர் இத்தாலி மாதிரியே இருக்காது. ரோம், பிளாரன்ஸ் படங்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். வியன்னாவிலிருந்து ஒரு பேட்டையைப் பெயர்த்தெடுத்துக் கடற்கரையில் வைத்தது போல இருக்கும். காரணம் இருக்கிறது. 1382இல் இந்த ஊர் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் பாதுகாப்பில் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய தலைநகரமான வியன்னாவுக்குக் கடல் கிடையாது. 1719இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதைச் சுங்கவரி இல்லாத சுதந்திரத் துறைமுகமாக அறிவித்தார். அவ்வளவுதான், கிரேக்கர், செர்பியர், யூதர், ஜெர்மானியர், ஸ்லோவேனியர் என்று எல்லா ஊர் வணிகர்களும் வந்து குவிந்தார்கள். அவருடைய மகள் மரியா தெரேசா காலத்தில் உப்பளங்கள் இருந்த இடத்தில் நேர்கோட்டுத் தெருக்களும், சரக்குப் படகு வீட்டு வாசல் வரை வருவதற்கு ஒரு கால்வாயும் எழுந்தன. அந்தக் கால்வாயிலிருந்து பத்து நிமிட நடைக்குள் நீலக் குவிமாடங்களுள்ள செர்பியக் கோயில், கடலைப் பார்த்த கிரேக்கக் கோயில், 1912இல் கட்டிய பெரிய யூதத் தொழுகைக்கூடம் மூன்றையும் பார்த்துவிடலாம். அந்தந்தக் காலத்து வியாபாரிகள் விட்டுப்போன முகவரிகள் இவை.

1857இல் வியன்னாவிலிருந்து ரயில் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஊர் கொழித்தது. 1918இல் பேரரசே இல்லாமல் போனது. துறைமுகம் இருக்கிறது, அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த நாடு இல்லை! 1910இல் இங்கே பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். வீடு மாறாமலே அவர் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்து, இத்தாலியில் வளர்ந்து, 1943க்குப் பின் ஜெர்மானியர் பிடியில் இருந்து, 1945இல் நாற்பது நாள் யுகோஸ்லாவியப் படையைப் பார்த்து, பிறகு பிரிட்டிஷ்-அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் 'திரியெஸ்தே சுதந்திரப் பிரதேசம்' என்ற நாடல்லாத நாட்டில் வாழ்ந்து, 1954 அக்டோபரில் மறுபடி இத்தாலிக்கு வந்து சேர்ந்திருப்பார். இந்தக் கதை தெரிந்துவிட்டால் ஊரில் பாதி விஷயம் தானாகப் புரியும்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். வரி இல்லாத துறைமுகம் என்பதால் மூட்டை மூட்டையாகக் காபிக்கொட்டை இங்கேதான் இறங்கியது, இன்றும் இறங்குகிறது. 1892இல் ஹவுஸ்பிராண்ட், 1933இல் இல்லி இரண்டும் இங்கே பிறந்த நிறுவனங்கள்தாம். இல்லியைத் தொடங்கிய பிரான்செஸ்கோ இல்லி ஹங்கேரிக்காரர். ஆனால் காபி கேட்பதற்கு இந்த ஊருக்குத் தனி அகராதி வேண்டும். முதல் நாள் காலை நான் கப்புச்சினோ என்று கேட்டு, கட்டைவிரல் உயரக் கோப்பையில் வந்ததைப் பார்த்து விழித்தேன். இங்கே எஸ்பிரஸோவுக்குப் பெயர் 'நேரோ', அதாவது கறுப்பு. அதில் கொஞ்சம் பால் நுரை சேர்ந்தால் 'காப்போ'. அதையே சின்னக் கண்ணாடி டம்ளரில் வாங்கினால் 'காப்போ இன் பி'. பி என்றால் பிக்கியேரே, டம்ளர். மற்ற ஊர்களில் கிடைக்கும் பெரிய கப்புச்சினோ வேண்டுமென்றால் 'கஃபேலாத்தே' என்று கேட்க வேண்டும். ரோமில் இந்தச் சொற்களைச் சொன்னால் கடைக்காரர் உங்களைத்தான் விழித்துப் பார்ப்பார்.

உட்கார்ந்து குடிக்க 1914இல் தொடங்கிய சான் மார்கோ காபியகம். உள்ளேயே புத்தகக் கடை. ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க ஆளில்லை. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1905 முதல் 1915 வரை பெரும்பாலும் இந்த ஊரில்தான் இருந்தார். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார், கடன் தொல்லையில் வீடு மாறிக்கொண்டே இருந்தார். கால்வாய்ப் பாலத்தில் தொப்பியோடு நடந்து போகிற அவருடைய சிலை இருக்கிறது. எல்லோரும் தோளில் கைபோட்டுப் படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன்.

நகரத்தின் நடுவே ஊனித்தா சதுக்கம். மூன்று பக்கம் மாளிகைகள், நான்காவது பக்கம் கடல். இரவில் விளக்கு போட்ட பிறகு போங்கள். அங்கிருந்து சில அடி தள்ளிக் கடலுக்குள் கால் கிலோமீட்டர் நீளும் கல் பாலம்தான் மோலோ அவுதாச்சே. 1740இல் மூழ்கிய சான் கார்லோ என்ற கப்பலின் மேலேயே கட்டியது. இப்போதைய பெயரும் ஒரு போர்க்கப்பலுடையதுதான். 1918 நவம்பர் 3 அன்று முதலில் வந்து நின்ற இத்தாலியக் கப்பல் அவுதாச்சே. கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது, சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போனால் கையை விடாதீர்கள்.

காற்றடிக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். 'போரா' என்பது வடகிழக்கு மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து விழும் குளிர்காற்று. மேட்டில் தேங்கும் கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கும்போது வேகம் பிடிக்கிறது. உச்சத்தில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியதுண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். இங்கே நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கயிறும் சங்கிலியும் கட்டியிருந்தார்கள். நான் பார்த்தது நடுத்தரமான போராதான். அதற்கே மறுநாள் குப்பைத்தொட்டிகளில் எலும்புக்கூடு எலும்புக்கூடாகக் குடைகள் கிடந்தன. வானம் மட்டும் பளிச்சென்று நீலமாக இருக்கும், அதுதான் வேடிக்கை. காற்றுக்கென்றே ஒரு குட்டி அருங்காட்சியகமும் இருக்கிறது, பல நாட்டுக் காற்றைப் புட்டியில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் செலவழித்தது மிராமாரே மாளிகையில். நடந்து போகிற தூரத்தில் இருந்ததால் நான்கு முறை போனேன். அப்போதைய ஆஸ்திரியப் பேரரசரின் தம்பி மாக்சிமிலியன் ஆஸ்திரியக் கடற்படைத் தலைவராக இருந்தபோது, 1856இல் பாறை முனை ஒன்றில் கட்டத் தொடங்கிய வெள்ளை மாளிகை. அவருடைய வாசிப்பறைக்குள் நுழைந்தால் கூரை தாழ்ந்து, சுவரெல்லாம் மரமாக இருக்கும். நோவாரா என்ற போர்க்கப்பலின் பின்புற அறையை அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார். அந்தக் கப்பலுக்கும் நமக்கும் சின்னத் தொடர்பு உண்டு. 1857 ஏப்ரலில் இந்த ஊரிலிருந்து அறிவியலாளர்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றக் கிளம்பிய நோவாரா, 1858 தொடக்கத்தில் இலங்கையிலும் பிறகு சென்னையிலும் நங்கூரமிட்டு, நிக்கோபார் வழியாகக் கிழக்கே போனது. 1859இல் திரியெஸ்தேவுக்குத் திரும்பியது. 1864இல் மெக்சிகோவின் பேரரசர் ஆகும் ஆசையில் மாக்சிமிலியன் இந்த மாளிகைப் படித்துறையிலிருந்து ஏறியதும் அதே நோவாராதான். மூன்றே ஆண்டுகளில் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். உடலைக் கொண்டுவந்து சேர்த்ததும் நோவாரா! உதவி கேட்டு முன்னதாக ஐரோப்பா திரும்பிய மனைவி சார்லட் மனநிலை குலைந்து 1927 வரை வாழ்ந்தார். மிராமாரேயில் தங்குகிறவர்கள் அந்நிய மண்ணில் சாவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பின்னாளில் அங்கே குடியிருந்த அவோஸ்தா கோமகன் அமெதேயோ 1942இல் நைரோபியில் போர்க்கைதியாக இறந்தது அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்துவிட்டது. நேரம் இல்லையென்றால் அறைகளை விட்டுவிட்டுத் தோட்டத்தையாவது சுற்றுங்கள்.

பயணக் கையேடுகள் நாலு வரியில் கடந்துபோகும் இரண்டு இடங்கள் உண்டு. எனக்கு மாளிகையைவிட இவைதான் முக்கியம். ஒன்று ரிசியேரா தி சான் சப்பா. நெல்லை உமி நீக்கும் ஆலையாக இருந்தது. 1943க்குப் பின் நாஜிகள் அதைச் சித்திரவதை முகாமாக்கினார்கள். பிணம் எரிக்கும் உலையோடு இத்தாலிய மண்ணில் இருந்த ஒரே முகாம் இது. உயர்ந்த காங்கிரீட் சுவர்களுக்கு நடுவே நடந்து உள்ளே போக வேண்டும். யாரும் பேசவில்லை. அனுமதி இலவசம்.

இன்னொன்று சான் ஜொவான்னி பூங்கா. ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த மனநோய் மருத்துவமனை. 1971இல் பொறுப்பேற்ற மருத்துவர் பிராங்கோ பசாலியா கதவுகளைத் திறந்துவிட்டார். நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து நீல நிறத்தில் ஒரு பெரிய மரக்குதிரை செய்தார்கள். பெயர் மார்கோ கவாலோ, துணிமூட்டை வண்டி இழுத்த நிஜக் குதிரையின் பெயர். 1973இல் அதை ஊர்வலமாக வெளியே கொண்டுபோகும்போது வாசல் போதவில்லை. குதிரையைக் குனிய வைக்க முடியுமா? வாசலை உடைத்துக்கொண்டு போனார்கள். 1978இல் இத்தாலி முழுக்க மனநோய்க் காப்பகங்களை மூட வழிசெய்த சட்டத்துக்கு இவருடைய பெயரைத்தான் வைத்துச் சொல்கிறார்கள். இப்போது அங்கே ரோஜாத் தோட்டம், பல்கலைக்கழகத் துறைகள், உணவகம். மே மாதக் கடைசியில் போனால் ரோஜா பூத்துக் கிடக்கும்.

சரி, கொஞ்சம் சிரிக்கவும் ஓர் இடம் இருக்கிறது. லந்தெர்னா கடற்கரை, ஊரார் வாயில் 'பெதோச்சின்'. மணலுக்கு நடுவே கடலுக்குள் இறங்கும் ஒரு வெள்ளைச் சுவர். ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்களும் குழந்தைகளும். ஆஸ்திரியர் காலத்து ஏற்பாடு. சுவரை எடுத்துவிடலாமே என்றால் முதலில் சண்டைக்கு வருவது பெண்கள் பக்கம்தான் என்று எங்கள் விடுதியில் சமைக்கிற அம்மா சொன்னார்.

ஊருக்கு மேலே உள்ள சுண்ணாம்புக்கல் மேட்டின் பெயர் கார்ஸோ. சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து குகையும் பள்ளமுமாக ஆன நிலத்துக்கு நிலவியலில் 'கார்ஸ்ட்' என்று பெயர், அந்தச் சொல்லே இந்த மேட்டிலிருந்து போனது. அங்கே குரோத்தா ஜிகாந்தே என்ற குகை. ஏறக்குறைய நூறு மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கூடம். இறங்க ஐந்நூறு படி, ஏறவும் அதே அளவு. மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும். உள்ளே கோடையிலும் குளிரும். கூரையிலிருந்து தொங்கும் நீண்ட ஊசல்கள் பூமியின் மிகச் சிறிய சாய்வைக்கூட அளந்துகொண்டிருக்கின்றன. மேட்டுக் கிராமங்களில் 'ஒஸ்மிட்சா' என்று உண்டு. விவசாயிகள் தங்கள் விளைச்சலை வீட்டிலேயே வருடத்தில் எட்டு நாள் விற்கலாம் என்று 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் கொடுத்த உரிமை. ஒசெம் என்றால் ஸ்லோவேனிய மொழியில் எட்டு. இப்போது கூடுதல் நாட்கள் திறக்கிறார்கள். பெயர்ப்பலகை இருக்காது, சாலை முனையில் தொங்கும் இலைக்கொத்தைப் பின்தொடர வேண்டும். முட்டை, பாலாடைக்கட்டி, ரொட்டி, ஒயின் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு ஊருக்குள் உள்ள பன்றிக்கறிக் கடைகளைவிட இதுவே மேல். 'யோத்தா' என்ற அவரை-முட்டைக்கோஸ் சூப்பைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அதற்குள்ளும் பன்றி இருக்கும். உள்ளே முழுப் பிளம் பழம் வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு பர்கொலானா பாய்மரப் படகுப் போட்டி. 2018இல் 2,689 படகுகள் கலந்துகொண்டு கின்னஸ் சாதனை. பார்க்க ஆசையென்றால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். ஒப்பிச்சினா மேட்டுக்கு 1902 முதல் ஒரு டிராம் உண்டு. செங்குத்தான இடத்தில் கம்பிவடத்தால் தள்ளி ஏற்றுவார்கள். நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்தது, ஆகவே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பாஸ்போர்ட். ஸ்லோவேனியா பக்கத்திலேயே இருக்கிறது, பேருந்தில் ஏறினால் எல்லை. இரண்டும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள்தானே என்று அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2023 அக்டோபரில் இத்தாலி அந்த எல்லையில் மறுபடி சோதனையைத் தொடங்கியது. எங்கள் குழுவில் ஒருவர் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானா போய்த் திரும்பும்போது பேருந்திலிருந்து இறக்கப்பட்டு, கைபேசியில் விசா படத்தைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்.