கடலோரம் கேரவனில் கிறிஸ்துமஸ்: செட்டிநாட்டு வாசகர்களுக்குப் பதில்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கிறிஸ்துமஸுக்குக் கேரவன் வாடகைக்கு எடுக்கிறோம், ஆறு பேர். தொண்டிதான் பக்கம். இரவு அங்கேயே கடலோரம் நிறுத்தித் தங்கலாமா?

பகலில் போய்வரத் தொண்டி அருமையான ஊர். ஆனால் டிசம்பர் இரவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காரணம் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும் காற்றைப் பாக் நீரிணைக் கரை நேராக மார்பில் வாங்குகிறது. ராமேஸ்வரம் பக்கம் இந்தக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனி, ஆடியில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது பெண் கடல் சாதுவாகக் கிடக்கும். மார்கழியில் நிலைமை தலைகீழ். அதனால் ராமநாதபுரம் தாண்டி ஏர்வாடி, கீழக்கரை, மண்டபத்தின் தெற்குக் கரை என்று பாருங்கள். அங்கே வாடைக்காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் வேகம் ஓரளவு குறைந்திருக்கும்.

மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம். சவுக்குத் தோப்பு ஓரமாகக் கெட்டித் தரையில், இடத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். இலங்கைக்கு எதிர்க்கரை என்பதால் கண்காணிப்பு அதிகம். உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நடுராத்திரியில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வண்டியின் முகம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். பக்கவாட்டில் வாங்கினால் விடியும்வரை ஆடிக்கொண்டே இருக்கும், பெரியவர்களுக்குத் தூக்கம் வராது.

காரைக்குடி வாசகர்: பேட்டரியில் ஏசி ராத்திரி முழுக்க ஓடுமா?

ஓடாது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 2,400 வாட்-மணி மின்சாரம். ஒரு டன் ஏசி 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், இரண்டு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். மார்கழியில் கடலோரம் ஏசி எதற்கு? கொசுவலை போட்ட ஜன்னலும் சின்ன ஃபேனும் போதும். ஸ்டாருக்கும் குடிலுக்கும் எல்இடி விளக்கு போட்டால் மின்சாரச் செலவு கணக்கிலேயே வராது. ஒன்று மட்டும் கண்டிப்பு: குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

கொத்தமங்கலத்திலிருந்து ஓர் ஆச்சி: பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தோடு நாங்களும் போறோம் தம்பி. பலகாரம் என்ன கொண்டுபோகலாம்?

ஆச்சி, எண்ணெய்ச் சட்டி வேலை எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அதிரசம், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம் எல்லாம் தாராளமாகத் தாங்கும். ஆனால் கடல் காற்றில் முறுக்கு சீக்கிரம் நமத்துப்போகும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரை நம்பவேண்டாம். வெள்ளைப் பணியாரத்துக்கு நிறைய எண்ணெய் காய வேண்டுமே, வண்டிக்குள் அது ஆபத்து. குழிப்பணியார மாவு கொண்டுபோய் 25-ஆம் தேதி காலையில் சுட்டுக்கொடுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். மீனை 24-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். அந்தக் கரையில் கத்தோலிக்க மீனவர்கள் நிறைய, பண்டிகையன்று பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள்.

பள்ளத்தூர் வாசகி: நள்ளிரவுத் திருப்பலிக்கு எங்கே போவது?

மண்டபத்தில் தங்கினால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம். கூட்டம் இருக்கும், சீக்கிரம் கிளம்புங்கள். முடிந்தால் ஒரு கார் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விரித்த படுக்கையைச் சுருட்டிக் கேரவனை எடுத்துப் போய் வருவது பெரிய வேலை.

கோட்டையூர் வாசகர்: தனுஷ்கோடியில் இரவு தங்க முடியுமா?

முடியாது. மாலையிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர் அது, டிசம்பர் கடலை லேசாக எடுக்கவேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் வீட்டிலேயே கொண்டாடுங்கள்.

அதே வாசகர்: அப்புறம், கிளம்புமுன் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

குடிதண்ணீர் ஊரிலிருந்தே ஏற்றுங்கள், அங்கே பல இடங்களில் உப்புத் தண்ணீர். கழிவறைத் தொட்டியை மணலில் திறக்காதீர்கள், வண்டியை வாடகைக்குக் கொடுப்பவரிடம் எங்கே காலிசெய்வது என்று முதலிலேயே கேளுங்கள். டிரைவர் எங்கே படுப்பார் என்பதையும் பேசிவையுங்கள். பல குடும்பங்கள் அதை மறந்துவிடுகின்றன. அவருக்கும் அது பண்டிகை நாள்தான், அவர் சரியாகத் தூங்கினால்தான் நீங்கள் பத்திரமாகத் திரும்ப முடியும்.