ஆர்க்கியோஇந்திரிஸ் கொரில்லாவின் மூதாதை அல்ல

வணக்கம். உங்கள் மகளின் கண்காட்சி அட்டையில் ஆர்க்கியோஇந்திரிஸ் என்ற அழிந்துபோன லெமூரை (லெமூர், குரங்குகளின் தூரத்து உறவு) டைனோசர்களின் அருகில், கொரில்லாவின் மூதாதை எனக் காட்டியிருப்பதை அவசியம் திருத்துங்கள். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன; ஏறத்தாழ 160 கிலோ எடையிருந்த இந்த மடகாஸ்கர் லெமூரோ, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது. பருமனில் ஆண் கொரில்லாவை ஒத்திருந்தாலும், இன்று வாழும் விலங்குகளில் அதற்கு மிக நெருக்கமானவை அதே தீவின் இந்திரி, சிஃபாகா போன்ற லெமூர்களே. அதன் நெருங்கிய உறவான, அழிந்துபோன பேலியோபுரொபிதிகஸ் லெமூரின் எலும்புகளில் கிடைத்த டிஎன்ஏவும் இதையே காட்டுகிறது. அந்த எலும்புகள் சிலவற்றில் மனிதர் இறைச்சியை அறுத்த வெட்டுத் தடங்கள் உள்ளன. டைனோசர் படத்தை நீக்கிவிட்டு, வெட்டுத் தடங்கள் பற்றிய மிக முக்கியமான அந்தச் செய்தியை அங்கே எழுதச் சொல்லுங்கள்.