‘பேசுங்கள்’ என்று எழுதி வைக்காதீர்கள்

முன்பின் தெரியாதவர்கள் பொது இடத்தில் தயங்காமல் பேசிக்கொள்ளும்படி ஓர் அமைப்பை வடிவமைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக இதுதான் என் வேலை. நான் முதலில் செய்தது படுதோல்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரிய தொடுதிரை ஒன்று வைத்தோம். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கச் சொல்லி அதில் ஒரு கேள்வி வரும்: “உங்கள் சிறுவயதுக் கனவு என்ன?” இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்கள் திரையைத் தொட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் யார் தன் கனவைச் சொல்வார்கள்? நானே சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஒரு மரப்பெட்டி. இரு முனையிலும் கைப்பிடி. இரண்டையும் ஒரே நேரத்தில் சுற்றினால்தான் இசை வரும். விளக்கப் பலகை திறப்பு நாளன்று வந்து சேரவில்லை, எனக்கு ஒரே எரிச்சல். ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் வந்த ஒரு பெண்மணி, “நானும் சுற்ற வேண்டும் போலிருக்கிறது” என்றார். கால்மணி நேரத்தில் அவரே புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பலகை வந்தது, மாட்டினோம். எல்லோரும் படித்தார்கள், சரியாகச் சுற்றினார்கள், பேச்சு மட்டும் நின்றுவிட்டது. மறுநாளே கழற்றிவிட்டேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் நாமே விளக்கிவிட்டால் அவர்களுக்குப் பேசிக்கொள்ள எதுவும் இருக்காது.

நியூயார்க்கின் சதுக்கங்களைப் பல ஆண்டுகள் கவனித்த வில்லியம் வைட், 1980இல் வெளியிட்ட நூலில் இதையொட்டிய ஒன்றைச் சொல்கிறார். ஒரு சிற்பமோ தெருக்கலைஞரோ இருவர் கண்ணிலும் பட்டால், ஏற்கெனவே அறிமுகமானவர்களைப் போல அவர்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு பொருள் நடுவில் இருப்பதால் வரும் சௌகரியம் அது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2011இல் வைத்த 21 ஊஞ்சல்கள் இதை இன்னும் அழகாகச் செய்தன. ஒவ்வொரு ஊஞ்சலும் ஒரு சுரம் ஒலிக்கும். பலர் ஒரே லயத்தில் ஆடினால்தான் கூடுதலான மெட்டுகள் கேட்கும். பிரிட்டிஷ் கலைஞர் லூக் ஜெராம் 2008இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் தெருக்களில் யாரும் வாசிக்கும்படி பியானோக்களை வைத்ததற்குக் காரணம், மக்கள் தாங்களே வந்து துணி துவைத்துக்கொள்ளும் ஒரு சலவை நிலையம். வாராவாரம் அதே முகங்கள் அங்கே வந்தும் யாரும் யாருடனும் பேசாததைக் கண்டு அவருக்கு அந்த யோசனை தோன்றியது.

மக்களுக்குப் பேசப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோவின் ரயில், பேருந்துப் பயணிகளிடம் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பக்கத்தில் இருப்பவருடன் பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றே பயணிகள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசியவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. தடை முதல் வாக்கியத்தில்தான். அந்த ஒரு வாக்கியத்துக்குச் சாக்குத் தேடிக் கொடுப்பதே நம் வேலை.

அதே அளவு முக்கியம், எழுந்து போகும் வழி. கூண்டு மாதிரி மூடிய அறைக்குள் இருவரை உட்கார வைக்கும் வடிவங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பேச விரும்பாதவர் முகம் கோணாமல் நகர முடிய வேண்டும், வேடிக்கை மட்டும் பார்ப்பவருக்கும் சற்றுத் தள்ளி ஒரு இருக்கை வேண்டும். கைப்பிடியைக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். குழந்தை ஓடிப்போய்த் தொட்டால் பெரியவர் பின்னாலேயே வந்துவிடுவார்.

எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கைக் கருவியே எடுத்துவிடும், அதை வைத்து எதுவும் தெரியாது. கைப்பிடியை விட்ட பிறகும் எத்தனை பேர் அங்கேயே நிற்கிறார்கள் என்பதை நீங்கள்தான் ஓரமாக உட்கார்ந்து எண்ண வேண்டும்.